கல்லு வெளுத்துப்போச்சு

"...நான் என்னத்த கொறையா வெச்சேன், நீங்களே சொல்லுங்க. நல்ல உப்பு, பில்டர் பண்ண தண்ணி, ராத்திரி பகலா ஓடுற மோட்டாரு. தண்ணி சூடாவக் கூடாதுன்னு கூலிங் மெசின் வேற தனியா. எங்க வீட்டு ரூமுக்கே ஏர்கோன் இல்ல தங்கச்சி, இந்தக் கல்லுங்களுக்கு இருக்கு. அப்பவும் வெளுத்துப் போச்சுன்னா என்னா அர்த்தம்? ஆ... ஆ... வாய அசைக்காதீங்க. கிரீம் உள்ள போயிரும்."

தினேஸ்வரி வாயை அசைக்கவே இல்லை. நெற்றியிலிருந்து தாடைவரை வெள்ளைக் கிரீமை அப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்தபடி சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தாள். ஈப்போ பழைய டவுனில், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது கலாதேவியின் அழகு நிலையம். தினேஸ்வரி அங்கே வந்தது அதுதான் முதல் தடவை.

அவள் சுங்கை சிப்புட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது வரிசை வீடுகளாகிவிட்ட இடங்களுக்குள் எல்லாம் புகுந்து புகுந்து பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள். ஜன்னல் பக்கம் இருக்கும் வலது கை இடது கையைவிடக் கறுத்துப் போயிருந்தது. இதுவரை அவளுக்கு அது ஒரு விஷயமாகப் பட்டதில்லை. தாப்பாவில் இருக்கும் சுரேனோடு அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் என்று முடிவான பிறகுதான் விஷயமாயிற்று. சுரேனின் அம்மா காளியம்மா, "போட்டோல பொண்ணு மூஞ்சி தெரியணுமா இல்லியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அடுத்த நாளே, முகம் வெளுப்பதற்கான முழு பேக்கேஜையும் கலாதேவியிடம் தானே பதிவு செய்துவிட்டார். சுரேனிடம் முறையிட்டதற்கு, அம்மா சந்தோஷத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வா என்றான். இரண்டு பக்கத்துக்கும் நியாயமாகப் பேசிவிட்ட திருப்தி அவன் குரலில் இருந்தது.

கிரீமைப் பூசும்போது கலாதேவி சொன்னது மூன்று விஷயங்கள். லேசாகக் கடிக்கும், பயப்படக் கூடாது. போனில் அலாரம் வைத்திருக்கிறது, அடித்ததும் கழுவிவிடலாம். அதுவரை பேசக் கூடாது. பேசக் கூடாது என்பது தனக்கு மட்டும்தான் என்று தினேஸ்வரிக்குச் சீக்கிரமே தெரிந்துபோனது.

நாற்காலிக்கு நேர் எதிரே, சுவரை அடைத்துக்கொண்டு, அந்தக் கடல்நீர்த் தொட்டி இருந்தது. இரண்டு ஆரஞ்சு மீன்கள், காற்றில் ஆடும் விரல்களைப் போலச் சில பவளங்கள், நடுவில் குவித்து வைத்த பாறைகள். பாறைகள் பளீரென்று வெள்ளையாக இருந்தன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது என்று தினேஸ்வரி நினைத்தாள். நல்லவேளை, சொல்ல முடியவில்லை.

"இது எப்பிடி இருந்துச்சு தெரியுமா? ஊதா. மங்குஸ்தீன் பழத்து தோலு மாதிரி ஊதா. அது பெயிண்டு இல்ல தங்கச்சி, பாசி. கோரலைன்னு சொல்லுவாங்க. வழவழன்னு இருக்காது, கல்லு மேல கல்லாவே ஒட்டிக்கிட்டு வளரும். வளரும்னா நாளைக்கே வளந்துருமா? ஒரு புள்ளி வரும். அது ஒரு காசு அளவுக்கு வர்றதுக்குள்ள நம்மளுக்கு நரச்சுப் போயிரும். எங்க வீட்டுக்காரரு வருசக் கணக்கா ஒக்காந்து பாத்து வளத்தாரு. என்னைய அப்பிடி பாத்துருப்பாரா? சரி, அத விடுங்க."

விடவில்லை. கணவர் யுகேந்திரன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறவர் என்றும், மாதத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார் என்றும், வந்தால் பையை வைத்த கையோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார் என்றும் சொன்னாள். வீட்டில் இடமில்லாததால் கடையில் வைத்தாராம். வீடியோ காலில் அவர் கேட்கிற முதல் கேள்வி சாப்பிட்டாயா என்பதல்ல, உப்பு பார்த்தாயா என்பதுதான்.

"போன வாரம் தொட்டிய காட்டுன்னாரு. நான் என் மூஞ்சிய காட்டுனேன். ஒன்ன இல்ல, தொட்டியன்னாரு. லைன் சரியில்லன்னு கட் பண்ணிட்டேன். எத்தன நாளைக்கு லைன் சரியில்லன்னு சொல்றது? இன்னிக்கி சாயங்காலம் வந்து எறங்குறாரு. என்னா சொல்லுவேன், சொல்லுங்க?"

தினேஸ்வரி தொண்டைக்குள்ளேயே "ம்ம்" என்றாள். கன்னத்தில் கிரீம் கடிக்கத் தொடங்கியிருந்ததைத் தெரிவிக்கத்தான் அந்த ம்ம். கலாதேவி அதை ஆதரவாக எடுத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

பழி முதலில் போனது பக்கத்து நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு. முதலாளி மீரா சாஹிப் காலையிலேயே கறி தாளிக்கிறார், அந்தப் புகை சுவரைத் தாண்டி வந்து தண்ணீரில் இறங்கிவிட்டது என்று கலாதேவி அவர் கல்லாவுக்கு முன்னாலேயே போய் நின்று சொல்லியிருக்கிறாள். தன் கடைப் புகை அவள் கல் வருவதற்கு முன்பே மேலே போய்க்கொண்டிருந்ததாக அவர் அமைதியாகப் பதில் சொல்லியிருக்கிறார். அதோடு, அவர் கடையிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்த தே தாரிக் டீ நின்றுபோனது. அதற்கும் கல்தான் காரணம்.

அடுத்தது பெர்ச்சாமில் மீன் சாமான் கடை வைத்திருக்கும் அஸ்லான். உப்பில் கலப்படம் என்று அவனைப் போனில் பிடித்தாள். அவன் கோபப்படாமல் ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொன்னான். அவளும் செய்தாள். ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி உப்பின் அளவைப் பார்த்தாள். சரியாக இருந்தது. சூடு சரியாக இருந்தது. சின்னக் குப்பியில் சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டு, நீலம் மஞ்சளாக மாறுகிறதா என்று பார்த்தாள். மாறவேண்டிய இடத்தில் மாறியது.

"அப்பறம் கால்சியம் பாருங்கக்காங்கறான். சுண்ணாம்பு சத்து பத்தலன்னாலும் வெளுக்குமாம். நான் கேட்டேன், டேய் அஸ்லான், ஈப்போவ சுத்தி என்னா இருக்கு? மல. என்னா மல? சுண்ணாம்பு மல. வெட்டி வெட்டி லோரில ஏத்திக்கிட்டே இருக்கானுங்க, இன்னும் தீரல. இந்த ஊருல ஒக்காந்துக்கிட்டு என் கல்லுக்கு சுண்ணாம்பு பத்தலன்னா யாரு நம்புவாங்க? இருந்தாலும் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு. சரியா இருந்தாலும் ஒரு போத்தல் வாங்கி ஊத்துனேன். கேக்கலயே! அது அடுத்த நாளு இன்னும் வெளுத்துப் போச்சு."

கண்திருஷ்டியும் பார்த்தாயிற்று. எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டதில் மீன்கள் இரண்டு நாள் பாறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. புகைமூட்டம், குழாய்த் தண்ணீர், மேல்மாடி டியூஷன் பிள்ளைகள் குதிக்கிற அதிர்வு என்று சந்தேகம் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு வந்தது.

தினேஸ்வரியின் கன்னத்தில் கடிப்பது இப்போது எறும்புக் கடியிலிருந்து வேறு ஏதோவாக மாறியிருந்தது. அவள் ஒரு விரலைத் தூக்கி முகத்தைக் காட்டினாள்.

"தெரியுது தங்கச்சி, ஒங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும், கேக்குறப்ப. சாயாங் லா, வீணாப் போச்சே. இருங்க, முன்ன எப்பிடி இருந்துச்சுன்னு காட்டுறேன்."

போனை எடுத்துப் பழைய படங்களைத் தேடினாள். ஒவ்வொரு படத்தையும் தினேஸ்வரியின் மூக்குக்கு மேலே கொண்டுவந்து காட்டினாள். உண்மையிலேயே அது ஒரு நிறம்தான். அடர்ந்த ஊதா, விளிம்பில் இளஞ்சிவப்பு, ஓரிடத்தில் மழைமேகம் போல ஒரு கறுப்பு. எந்தக் கடையில் கேட்டாலும் அந்த நிறத்தில் ஒரு புடவை கிடைக்காது என்று தினேஸ்வரி நினைத்துக்கொண்டிருந்தபோது, படத்துக்கு மேலே அலாரம் அடித்தது.

"இது வேற, நேரங்கெட்ட நேரத்துல காச்சாவ் பண்ணிக்கிட்டு," என்று கலாதேவி விரலால் ஒரு தள்ளு தள்ளி அதை அணைத்துவிட்டு, அடுத்த படத்துக்குப் போனாள்.

தினேஸ்வரி இரண்டு தடவை "ம்ம், ம்ம்" என்றாள்.

"ஆமா, அழகுதான? ஒங்களுக்கு தெரியுது. ஆனா இந்த ஷாமினிக்கு தெரியலயே."

ஷாமினி என்பவள் கலாதேவியிடம் வேலை பார்த்தவள். புருவம் திருத்துவதில் கைகாரி. கூடவே தொட்டியையும் அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யுகேந்திரன் ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். கல் வெளுத்ததற்கு அவள்தான் காரணம் என்று போன வாரம் கலாதேவி முடிவு கட்டினாள். கிரீம் பட்ட கையைக் கழுவாமல் தொட்டிக்குள் விட்டிருக்கிறாள். இல்லையென்றாள் ஷாமினி. ஒத்துக்கொண்டால் மன்னித்துவிடுகிறேன் என்றாள் கலாதேவி. செய்யாததை எப்படி ஒத்துக்கொள்வது என்று கேட்டாள் ஷாமினி. எதிர்த்துப் பேசுகிறாயா, போ என்றாள். ஷாமினி மேலங்கியைக் கழற்றி, மடித்து, இதே நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

"மடிச்சு வெச்சுட்டுப் போறா, பாருங்க அந்தத் திமிர. வேலைக்காரி மாதிரியா நடத்துனேன்? தங்கச்சி மாதிரி வெச்சிருந்தேன். எதச் சொன்னாலும், அண்ணே இப்பிடித்தான் வெக்கச் சொன்னாரு, அண்ணே இவ்வளவுதான் போடச் சொன்னாரு. லைட்டு பட்டன்ல ஒரு பிளாஸ்டரு ஒட்டி வெச்சிருந்தா தங்கச்சி, அதுக்கு மேல திருப்பக் கூடாதாம். என் கடையில, என் லைட்டுக்கு, இவ பிளாஸ்டரு ஒட்றா. நான் வீடியோ எடுக்க வேணாமா? இந்தத் தொட்டிய பின்னால வெச்சு கஸ்டமர எடுத்தா எவ்வளவு எடுப்பா இருக்கு தெரியுமா? ஆனா அவரு வெச்ச வெளிச்சம் நீலம். மங்கலு. அதுல எடுத்தா பேசியல் பண்ண புள்ளைங்க எல்லாம் பொணம் மாதிரி இருக்காங்க. வெளுக்க வெக்கிற கடையில நீலமா காட்டுனா எவ வருவா?"

பேசிக்கொண்டே, தினேஸ்வரியின் காதோரத்தில் கிரீம் படாமல் விட்டுப்போன ஓர் இடத்தைப் பார்த்து, அங்கேயும் கொஞ்சம் தடவினாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

"வெள்ளையா இருந்தா பளிச்சுன்னு இருக்குன்னு தெரியாதவங்க சொல்லுவாங்க. நேத்து கூட ஒரு கஸ்டமர், அக்கா கல்ல பாலிஷ் பண்ணீங்களான்னு கேக்குறா. எனக்கு வந்துச்சு பாருங்க! வெளுத்துச்சுன்னா செத்துப் போச்சுன்னு அர்த்தம் தங்கச்சி. மேல பாக்க பளபளன்னு இருக்கும், உள்ள உசுரு இல்ல. சொந்தக் கலரு போனா அப்பறம் என்னா இருக்கு, வெறுங்கல்லு."

தினேஸ்வரி அவளையே பார்த்தாள். கலாதேவி சொல்வது கலாதேவிக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. முகம் எரிந்தது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு காதுப்பக்கம் வழிந்தது. அதைப் பார்த்ததும் கலாதேவிக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. இவ்வளவு தூரம் தன் கஷ்டத்தைப் புரிந்துகொண்ட ஒருத்தி இதற்கு முன் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"அழுவாதீங்கம்மா. நான் இன்னும் விடல. இன்னிக்கி காலையில கூட அஸ்லானுக்கு போன் போட்டு கத்துனேன். அவன் கடைசியா என்னா கேட்டான் தெரியுமா? அக்கா, லைட்டு ஏதும் மாத்துனீங்களாங்கறான். நான் ஏன் மாத்தப் போறேன்? இல்லேன்னு சொன்னேன். அதே லைட்டுதான். அவரு வாங்கி மாட்டுன அதே லைட்டுதான். அந்த பிளாஸ்டர உரிச்சுப் போட்டுட்டு, வெள்ளய மட்டும் புல்லா திருப்பி வெச்சேன், காலையில கட தொறக்குறதுல இருந்து சாத்துற வரைக்கும், அவ்வளவுதான். லைட்ட நான் தொட..."

அங்கே நின்றது.

மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அத்தனை நேரமும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கலாதேவி மெதுவாகத் திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். வெயிலை அப்படியே வெட்டிக்கொண்டு வந்து வைத்ததுபோல அந்த வெளிச்சம் பாறைகளின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய், குனிந்து, பாறையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வெளிச்சம் படாத பொந்துக்குள், கையகலத்துக்கு, ஊதா இன்னும் இருந்தது.

நிமிர்ந்தாள். பிறகு விளக்கின் பட்டனைப் பிடித்தாள். எவ்வளவு திருப்புவது என்று தெரியவில்லை. கொஞ்சம் குறைத்தாள், இன்னும் கொஞ்சம், மறுபடி கூட்டினாள். கையை எடுத்துவிட்டுப் போனை அழுத்திக் காதில் வைத்தாள்.

"ஷாமினி," என்றாள். இத்தனை நேரம் கேட்டிராத ஒரு சின்னக் குரல். "அந்த பிளாஸ்டரு... எந்த எடத்துல ஒட்டியிருந்த?"

பட்டனை மறுபடி தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள்.

"இல்ல, நீ சொன்னா எனக்கு வெளங்காது. நீயே வந்து ஒட்டிட்டுப் போயேன். அண்ணே சாயங்காலம் வர்றாரு."

தினேஸ்வரி எழுந்தாள். இதற்கு மேல் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று அவள் கன்னம் சொன்னது. மூலையில் இருந்த பேசினில் குழாயைத் திறந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்துக் கழுவினாள். கிரீம் போய்ச் சிவப்பு வந்தது. கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு கன்னமும் அறை வாங்கியதைப் போலத் தடித்துப் போயிருந்தன. கழுத்துத் துண்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள். கலாதேவி தொட்டிக்கு முகத்தைக் கொடுத்து, போனில், நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றும், புருவத்துக்கு வந்த ஆளெல்லாம் ஷாமினி எங்கே என்றுதான் கேட்கிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அதில் வரவில்லை. அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். கதவு திறந்ததும் சாத்தியதும் அவளுக்குத் தெரியாது.

பக்கத்துக் கடையில் தினேஸ்வரி ஐஸ் கேட்டாள். மீரா சாஹிப் அவள் முகத்தைப் பார்த்தார். பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டிகளை அள்ளிப்போட்டு முடிந்து கொடுத்தார்.

"கல்லப் பத்திச் சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

தலையாட்டினாள். ஐஸுக்குக் காசு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அவளைக் கேட்காமலேயே ஒரு தே தாரிக் போடச் சொன்னார்.

வேனில் உட்கார்ந்து, ஒரு கன்னத்தில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு, அவள் காளியம்மாவைக் கூப்பிட்டாள். வருங்கால மாமியாரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வழக்கமாக நிறைய யோசிப்பாள். அன்றைக்கு யோசிக்கவில்லை. அத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு கிடந்ததில் சொல்ல வேண்டியது தானாகவே திரண்டிருந்தது.

"அத்தே, பாதியிலயே எழுந்து வந்துட்டேன். வெளுத்தா எப்பிடி இருக்கும்னு அந்த அக்கா நல்லா வெளக்கி சொன்னாங்க. எனக்கு வேணாம் அத்தே. நான் இப்பிடித்தான் வருவேன்."

அந்தப் பக்கம் தாப்பா பஸ் ஸ்டேஷன் இரைச்சல் கேட்டது. சுரேனிடம் சொல்லப் போகிறார், சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றெல்லாம் தினேஸ்வரி ஒரு கணத்தில் நினைத்துப் பார்த்து, பரவாயில்லை என்ற இடத்துக்கும் வந்துவிட்டாள்.

"அப்ப அந்த பேக்கேஜு?" என்று கேட்டார் காளியம்மா. "மிச்சம் நாலு தடவ இருக்கே. சும்மா விடுறதா? நான் போயி ஒக்காந்துக்கறேன்."

போனார். வாராவாரம் தாப்பாவிலிருந்து பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனார். ஆனால் கிரீம் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. வேலைக்குத் திரும்பிவிட்ட ஷாமினி கால் அமுக்கிவிட்டதாகவும், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டதாகவும் சுரேன் சொன்னான். மற்ற நேரமெல்லாம் அம்மா கலாதேவி பேசுவதைக் கேட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாராம்.

நிச்சயதார்த்தம் சுங்கை சிப்புட்டில், தினேஸ்வரி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த பொதுமண்டபத்தில் நடந்தது. அவள் கன்னத்தில் தோல் உரிந்து, ஆறி, பழைய நிறத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. தாம்பூலத் தட்டு மாற்றுவதற்கு முன்பே, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காளியம்மா இரண்டு பக்கமும் இருந்த சொந்தக்காரர்களுக்குக் கோரலைன் பாசியைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தார். தினேஸ்வரி பாதியில் எழுந்து போன அன்று சாயங்காலம் யுகேந்திரன் வந்து தொட்டியைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை திட்டாமல், தரையில் உட்கார்ந்து ராத்திரிச் சோற்றை அங்கேயே சாப்பிட்டாராம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று கலாதேவி மூன்று நாள் அழுதாளாம். இப்போது வெளிச்சத்தை ஷாமினி மட்டும்தான் தொடலாமாம். அடியில் ஒளிந்திருந்த ஊதா மேலே ஏறி வருகிறதாம், ஒரு குண்டூசித் தலை அளவுக்கு. காளியம்மா தன் கண்ணால் பார்த்தாராம்.

சுரேனையும் தினேஸ்வரியையும் மேடையில் நிறுத்தினார்கள். போட்டோ எடுக்க வந்தவர் குடை வைத்த பெரிய விளக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, பெண்ணின் முகத்துக்கு நேராகத் திருப்பி, முழுசாக ஏற்றினார். தினேஸ்வரி கண்ணைச் சுருக்கினாள்.

முன்வரிசையில் பேச்சு நின்றது. காளியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"தம்பி," என்றார், "அந்த லைட்ட கொஞ்சம் கொறச்சு வையி."